சாவியில்லாக் கார் என்றொரு பொய்ப்பெயர்

இலக்கியம் பேசுகிற இடத்தில் கார்த் திருட்டைப் பற்றி எழுதவந்தால் எத்தகைய முணுமுணுப்பு எழும் என்பது எனக்குத் தெரியும். காரென்பது வசதி படைத்தவர்களின் விவகாரம், தொலைந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தந்துவிடும், இதற்கெல்லாம் சிற்றிதழ் வாசகன் ஏன் மெனக்கெட வேண்டும் என்பார்கள். தேநீர்க்கடைப் பேச்சாக இதைச் சொல்பவர்களிடம் எனக்குப் புகாரில்லை. நுகர்வுப் பண்பாட்டின் அரசியல் குறித்துப் பக்கம்பக்கமாக எழுதுகிறவர்களும், அதிகாரம், சொல்லாடல், கட்டமைப்பு என்று மூச்சுக்கு முந்நூறு தடவை உச்சரிக்கிறவர்களும் இதையே சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. ஒரு பெருநிறுவனம் பூட்டைக் கழற்றிவிட்டு அதைச் சௌகரியம் என்று பெயர்சூட்டி விற்கிறது. வாங்கியவன் தன் காசில் வேறொரு பூட்டைத் தேடி அலைகிறான். சொல்லுக்கும் அதிகாரத்துக்குமான உறவைப் பேச இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

ஏம்பலத்தில் கார் வைத்திருப்பவர்கள் யாரென்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். பள்ளி ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள், நிலத்தில் ஒரு துண்டை விற்ற ஓரிருவர். ஏறக்குறைய எல்லா வண்டியும் கடனில் வந்தது. ஐந்தாண்டு, ஏழாண்டுத் தவணை. இரவு பத்து மணிக்குமேல் ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலித்தால் கோரிமேட்டு ஜிப்மருக்குக் கொண்டுபோகத் தெருவில் யாராவது ஒருவருடைய கார்தான் உதவ வேண்டும். வண்டி களவுபோனாலும் வங்கித் தவணை நிற்காது. இதை வசதிபடைத்தவர்களின் விவகாரம் என்பவர்கள் கிராமத்தை இன்னும் மாட்டுவண்டிக் காலத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் என்றே நான் கொள்கிறேன்.

2025ஆம் ஆண்டு சென்னை அண்ணா நகரில் வீட்டுவாசலில் நின்றிருந்த சொகுசுக் கார் ஒன்று காணாமற்போன வழக்கில் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவரைச் சென்னைப் போலீசார் கைது செய்தனர். எம்.பி.ஏ. படித்தவர் என்றும், நவீனக் கருவிகளைக்கொண்டு இருபது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கார்களைத் திருடியவர் என்றும் போலீஸ் தரப்பு கூறியது. உண்மை எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். என் கவனத்தைக் கவர்ந்தது அவர் பிடிபட்ட இடம். அது புதுச்சேரி. எங்கள் பிரதேசத்தின் நில அமைப்பை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பங்குபோட்ட மிச்சமாக, வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கப் பகுதிகள் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு கோலத்துப் புள்ளிபோல் ஊடாடிக் கிடக்கின்றன. ஏம்பலத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் சிறிது நேரத்தில் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். போலீஸ் நிலையம், போக்குவரத்து அலுவலகம், நீதிமன்றம் எல்லாம் மாறிவிடும். களவுபோன வண்டி சாயங்காலப் பால் கறந்து முடிப்பதற்குள் இரண்டு ஆட்சிப் பகுதிகளைத் தாண்டியிருக்கும். இந்த எல்லைக் குழப்பம் பணக்காரர்களுக்கும் பயன்பட்டதுண்டு. வெளிமாநிலத்தவர் குறைந்த சாலைவரிக்காகப் போலி முகவரிகளில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்கிறார்கள் என்று 2017இல் கேரளத்தில் எழுந்த சர்ச்சையில் புதுச்சேரியின் பெயர் எப்படி அடிபட்டது என்பதை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனிப் பெயருக்கு வருவோம். 'கீலெஸ்' என்கிறார்கள். சாவியற்ற கார். சாவி என்பதே போர்ச்சுகீசியர் நமக்குத் தந்துவிட்டுப்போன சொல். ஜன்னலும் அலமாரியும் அவர்களோடு வந்தவைதாம். வந்த சொல்லுக்குக் குறைந்தபட்சம் ஒரு பொருள் இருந்தது. துளையில் நுழைத்துத் திருகினால் திறக்கும். இன்றைய காரில் சாவி இல்லாமற் போகவில்லை. சட்டைப்பையிலேயே கிடந்து, கார் கூப்பிடும்போதெல்லாம் உடையவனைக் கேட்காமல் 'இருக்கிறேன்' என்று பதில் சொல்கிற ஒன்றாக அது மாறியிருக்கிறது. கதவுப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலைவரிசையில், ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸில், ஓரிரு மீட்டர் தூரமே எட்டும் ஓர் அழைப்பை விடுக்கிறது. சாவி விழித்துக்கொண்டு, உயர்ந்த அலைவரிசையில், மறையீடு செய்த விடையை அனுப்புகிறது. விடை சரியென்றால் கதவு திறக்கும். பொத்தானை அழுத்தினால் எஞ்சின் உயிர்பெறும்.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை மறையீட்டில் இல்லை. அழைப்பு கேட்கிறதென்றால் சாவி அருகில் இருக்கிறது என்று கார் முடிவுகட்டுகிறதே, ஓட்டை அந்த முடிவில் இருக்கிறது. இருவர் வருகிறார்கள். ஒருவன் காரருகே ஒரு பெட்டியோடு நிற்கிறான். மற்றவன் வீட்டுச் சுவரோரம் இன்னொரு பெட்டியோடு நிற்கிறான். காரின் அழைப்பை முதற்பெட்டி வாங்கி இரண்டாவதற்குத் தர, அது சுவருக்கு அப்பால் கூடத்தில் ஆணியில் தொங்கும் சாவிக்குக் கொடுக்கிறது. சாவியின் விடை காருக்குப் போய்ச் சேர்கிறது. எந்த மறையீட்டையும் யாரும் உடைக்கவில்லை. திருடனுக்கு அந்த மொழியே தெரிய வேண்டியதில்லை. தூது மட்டும் போகிறான். 2011ஆம் ஆண்டிலேயே சூரிச் ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஃபிராங்கிலோன், டானேவ், சாப்குன் மூவரும் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் இதைச் செய்துகாட்டிக் கட்டுரை வெளியிட்டார்கள். பத்தும் ஏமாந்தன. அதற்குப்பின் எத்தனை கோடிச் சாவிகள் அதே ஏற்பாட்டோடு விற்கப்பட்டன! பரிகாரம் இல்லாமலா இருந்தது? ஒளி ஒரு நானோ நொடியில் முப்பது சென்டிமீட்டர் செல்லும். விடை வரும் நேரத்தைத் துல்லியமாக அளந்தால் சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற அலைமுறை இதைத்தான் செய்கிறது. சில உயர்விலைக் கார்களில் வந்தும்விட்டது. அசையாமல் கிடந்தால் உறங்கிவிடுகிற சாவியும் உண்டு, அது இன்னும் மலிவு. ஆனால் நம்மூரில் காட்சிக்கூடத்தில் விற்பனையாளர் கூரைக்கண்ணாடியைப் பற்றியும் இருக்கையின் குளிர்காற்றைப் பற்றியும் அரைமணி நேரம் பேசுவார். இந்தச் சாவி உறங்குமா என்று கேட்டுப்பாருங்கள், உங்களை ஒருமாதிரி பார்ப்பார்.

இது ஒரு வழி. இந்தியாவில் போலீஸ் வழக்குகளில் அடிக்கடி பேசப்படுவது இன்னொன்று. கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் பழுதறிய வைத்திருக்கும் ஓபிடி துளையில் ஒரு கருவியைச் செருகி, புதிய சாவி ஒன்றைக் காருக்கு அறிமுகம் செய்துவைப்பது. டெல்லியில் ஃபார்ச்சூனரும் கிரெட்டாவும் இப்படிப் பறிபோன கதைகள் ஏராளம். மூன்றாவது வழிதான் வினோதமானது. 2022 ஜூலையில் லண்டனில் இயன் டேபர் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்4 காரே களவுபோயிற்று. அதற்குமுன் யாரோ அவர் காரின் முன்விளக்குப் பக்கத்து ஒயர்களைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். வெறும் விஷமம் என்றே தோன்றியது. பிறகு அவரும் கென் டிண்டெல்லும் ஆராய்ந்து 2023இல் எழுதினார்கள். கார்களின் உள்ளே ஓடும் 'கான்' என்ற தகவற்கம்பி, பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகம் செய்தது. அந்தக் கம்பியில் ஒரு செய்தி வந்தால் அதைச் சொன்னது யார் என்று கேட்கும் வழக்கமே கிடையாது. முன்விளக்கின் ஒயர் வழியாகப் புகுந்து, 'சரியான சாவி வந்துவிட்டது' என்று யார் சொன்னாலும் கார் நம்பும். அதற்கான கருவியை ஜேபிஎல் புளூடூத் ஒலிபெருக்கியின் கூட்டுக்குள் ஒளித்து விற்றார்கள்.

சிலப்பதிகாரம் பாடம் நடத்துகிறவன் என்பதால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் காவலரிடம் களவு நூலை விரித்துரைக்கிறான். கள்வருக்குத் துணையாவன என்று எட்டை அடுக்குகிறான். அவற்றில் கடைசியாக வருவது கருவி. களவின் நுட்பங்களை அத்தனை அழகாக எடுத்துச் சொல்பவன் யார்? அரசியின் சிலம்பைத் திருடியவன். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். மதுரைக்காஞ்சியிலோ நிலைமை வேறு. அங்கே கன்னமிடும் கருவியும் இடையில் நூலேணியுமாக நள்ளிரவில் திரியும் கள்வர்களுக்கு எதிராக, நூலறிந்த ஊர்க்காவலர்கள் மழை பெய்தாலும் ஓயாமல் சுற்றுகிறார்கள். திருடனின் சாத்திரத்தைக் காவலன் கற்றிருக்க வேண்டும் என்பது ஈராயிரம் ஆண்டுகளாக நமக்குத் தெரிந்த செய்தி. நவீன உலகின் பெருநிறுவனங்களுக்கோ அது பிடிப்பதில்லை. ஃபோக்ஸ்வாகன் உள்ளிட்ட பல நிறுவனங்களின் கார்களில் இருந்த மெகாமோஸ் என்ற மறையீட்டுச் சில்லின் பலவீனத்தை பர்மிங்ஹாம், நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் கண்டுபிடித்தார்கள். 2013இல் ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கியது. கட்டுரை வெளிவர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டையை அடைக்கச் செலவழிப்பதைக் காட்டிலும் அதைச் சொல்பவன் வாயை அடைப்பது மலிவு.

அரசுகளும் இதற்குச் சளைத்தவை அல்ல. நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் டொராண்டோவைப் பாருங்கள். ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் தமிழ் வீடுகளில் கார் போனது பற்றிப் பேசாத விருந்தில்லை என்கிறார் அங்கிருக்கும் என் பழைய மாணவர். 2023இல் அந்நகரில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட வண்டிகள் திருடப்பட்டன. 2024இல் குடிமக்கள் கூட்டமொன்றில் போலீஸ்காரர் ஒருவர், வீட்டுக்குள் புகுந்து தாக்குவதைத் தவிர்க்கச் சாவியை வாசற்கதவருகே வைத்துவிடுங்கள் என்றே அறிவுரை சொன்னார். ஊர் சிரித்தது. நல்லெண்ணத்தில் சொன்னது, வேறு வழிகளும் உண்டு என்று காவல்துறை விளக்கம் தந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் கனடிய அரசு, ஃபிளிப்பர் ஜீரோ போன்ற கையடக்கக் கருவிகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. அக்கருவியால் மேலே சொன்ன தூதுத் திருட்டைச் செய்ய முடியாது என்று வல்லுநர்கள் தலையிலடித்துக்கொண்டார்கள். ஏப்ரலில் மாண்ட்ரியல் துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருந்த 598 திருட்டு வண்டிகள் மீட்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அவற்றைக் கண்டெடுத்தது கொள்கலன்களைத் திறந்து பார்த்ததால்தான். பொம்மைக் கருவியின்மீது தடைபோட்டதால் அல்ல.

சட்டம் செய்யக்கூடியது ஒன்றுண்டு, அதற்கு அதே கனடாவே சாட்சி. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் இம்மொபிலைசர் இருந்தாக வேண்டும். சரியான சாவியின் சில்லு பதில் சொல்லாதவரை எஞ்சினை ஓடவிடாத கருவி அது. முடக்கி என்றே தமிழில் சொல்லிவிடலாம். பக்கத்து நாடான அமெரிக்காவில் அப்படிக் கட்டாயமில்லை. விளைவு என்ன? 2015ஆம் ஆண்டு மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் முடக்கி இயல்பாகவே இருந்தபோது, ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. பள்ளிப் பையன்கள் யுஎஸ்பி கம்பியின் முனையால் கார்களைக் கிளப்பிக்கொண்டு போகும் காட்சிகள் 2022இல் டிக்டாக்கில் பரவின. உயிர்கள் போயின. 2023இல் சுமார் இருபது கோடி டாலருக்கு அந்நிறுவனங்கள் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. எல்லைக்கு வடக்கே பூட்டோடும் தெற்கே பூட்டில்லாமலும் விற்றார்கள். பொறியியல் திறமை எல்லையில் மாறிவிடவில்லை, சட்டம் மாறியது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் இணையவெளிப் பாதுகாப்பு விதி கட்டாயமானதும், போர்ஷே தன் பெட்ரோல் மக்கானை அங்கே விற்பதையே நிறுத்திக்கொண்டதையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

நம் நாட்டில் சுமை யார் தலையில்? கார் களவுபோனவனிடம் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது இரண்டு சாவிகளையும். இரண்டும் அவன் கையில் இருக்கின்றன, வண்டிதான் இல்லை. சாவி கையில் இருக்கும்போதே வண்டி எப்படிப் போயிற்று என்று விசாரணை அவன்மீதே திரும்பும். சாவி கொடுத்த விடையைத்தான் கார் நம்பியது என்பதை அவன் எந்த அலுவலரிடம் போய்ப் பாடம் நடத்துவான்? சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தியவருக்குப் பழைய மோட்டார் கட்டண விதி கொடுத்த சலுகை எவ்வளவு தெரியுமா? சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதுவும் 500 ரூபாய்க்கு மிகாமல். புதுச்சேரியில் குடும்பத்தோடு ஒருவேளை உணவுக்குக்கூட அது போதாது. சரி, உற்பத்தியாளர்மீது வழக்குப் போடலாமே என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருட்பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. வடிவமைப்புக் குறையும் அதில் வருகிறது. ஆனால் தீங்கு என்பதன் வரையறையில், அந்தப் பொருளுக்கே நேர்ந்த இழப்பு விலக்கப்பட்டிருக்கிறது. காரின் குறையால் கார் போனால் அந்த அத்தியாயம் கைகொடுக்காது. குறையுள்ள பொருள் என்று தனியே வாதாட வேண்டும். ஆணியடிக்காமல் அறைந்த கதவு.

ஆகவே நான் சொல்வது கசப்பான யோசனைதான். சட்டம் வரும்வரை, வெளிச்சந்தையில் கிடைக்கும் முடக்கியைச் சொந்தச் செலவில் பொருத்திக்கொள்ளுங்கள். விற்றவனின் பிழைக்கு வாங்கியவன் தண்டம் கட்டுவது நியாயமா என்று கேட்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு. நியாயம் கிடைக்கும்வரை வண்டி வாசலில் நிற்க வேண்டுமே. தொழிற்சாலையில் பொருத்தியது எல்லாக் கார்களிலும் ஒன்றுபோல இருப்பதால்தான் திருடன் ஒருமுறை கற்றுக்கொண்டு ஊரெல்லாம் பாடுகிறான். வெளியே பொருத்துவது ஒவ்வொரு காரிலும் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். கானின் கம்பியோடு சேர்ந்து வேலைசெய்யும் வகைகளில், ஸ்டீயரிங்கிலும் கதவிலும் ஏற்கெனவே உள்ள பொத்தான்களை நமக்கு மட்டும் தெரிந்த வரிசையில் அழுத்தினாலொழிய வண்டி கிளம்பாது. சாவியின் விடையைத் தூது கொண்டுவந்தாலும், ஓபிடி வழியே புதுச்சாவி பழக்கினாலும், இந்த வரிசை திருடனுக்குத் தெரியாது. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் எரிபொருள் பம்பின் மின்னிணைப்பில் ஒரு மறைவான கட் ஆஃப் ஸ்விட்சாவது வைக்கலாம். பழைய அம்பாசிடர் ஓட்டுநர்களுக்குத் தெரிந்த வித்தைதான்.

இதற்கு எல்லைகள் உண்டு. கண்ணாடியை உடைப்பதை அது தடுக்காது. இழுவை வண்டியில் தூக்கிக்கொண்டு போனால் ஒன்றும் செய்யாது. அரைகுறை எலக்ட்ரீசியன் ஒயரை அறுத்து டேப் சுற்றினால் நடுச்சாலையில் வண்டி நின்று உயிருக்கே உலை வைக்கும். ஓடும் எஞ்சினை நிறுத்துகிற எதையும் பொருத்தக்கூடாது, கிளம்புவதைத் தடுப்பது மட்டுமே போதும். சர்வீஸுக்கு விடும்போது ரகசிய வரிசையைச் சொல்லிவிட்டு வருவதும் மடமை. நல்ல கருவிகளில் அதற்கெனத் தனி நிலை இருக்கிறது. சாவியை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாம், மூடி இறுகப் பொருந்தினால். சம்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரருகே போய்க் கதவு திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆனால் முன்விளக்கு ஒயர் வழியே வருகிறவனைச் சம்படம் என்ன செய்யும்?

என்னோடு பணிபுரியும் நண்பர், கரிக்கலாம்பாக்கத்துக்காரர், சென்ற ஆண்டு புதுக்கார் எடுத்தார். வாங்கிய இடத்தில் முடக்கி பொருத்துவதைப் பற்றிக் கேட்டதற்கு, 'வெளி ஆள் ஒயரில் கைவைத்தால் வாரண்டி போய்விடும் சார்' என்று பதில் வந்தது. எந்தப் பாகத்தின் வாரண்டி, எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். கேட்டார். இரண்டு மாதமாகியும் எழுத்தில் ஒரு வரியும் வரவில்லை. வாயால் சொன்னதை மட்டும் மூன்று முறை சொன்னார்கள். அதே இடத்தில், நிறுவனத்தின் பெயர் பொறித்த சீட் உறையும், கதவோரம் ஒளிரும் நீலவிளக்கும் ஒயரில் கைவைத்தே பொருத்தித் தந்து, அதற்குத் தனியாகப் பில்லும் போட்டார்கள். நீலவிளக்கினால் வாரண்டிக்குப் பங்கம் வரவில்லையாம்.

நண்பர் கடைசியில் நெல்லித்தோப்பில் அனுபவமுள்ள ஒருவரிடம் போய்ப் பொருத்திக்கொண்டார். வேலை முடிய அரைநாள் ஆயிற்று. என்ன வரிசை, எந்தப் பொத்தான் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். போன வாரம் கல்லூரி வாசலில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது, அவர் கை ஸ்டீயரிங்கைத் தொடுமுன் 'சார், கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க' என்றார். நானும் ஏரிக்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.